பெல்ட்டில் தேய்ந்த தலையும் இரண்டு சிப்பாய்களும்

ஒரு பேரரசரின் முகத்தை உப்புத்தாள் பெல்ட்டில் வைத்து மழமழவென்று தேய்த்து எடுத்தவன் நான். அவர் இறந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன என்பது ஒன்றுதான் என் தரப்பில் சொல்லக்கூடிய வாதம். அவசரத்தில் செய்ததாகவும் சொல்ல முடியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், விதிமுறைப்படி, நிதானமாகத்தான் தேய்த்தேன். பாதி தேய்ந்தபோது ஒரு காதும், தலையைச் சுற்றி முத்துக் கோத்த பட்டை போல ஏதோ ஒன்றும் தெரிந்தன. வார்ப்புக் குறைபாடு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வீட்டில் இரண்டு அலமாரி நிறைய சரித்திரப் புத்தகங்கள் வைத்திருப்பவன் செய்த காரியம் இது.

விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்குத் துப்பாக்கி போல ஒரு கருவி வந்துவிட்டது. உலோகத்துக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்தினால் செம்பு இவ்வளவு, ஈயம் இவ்வளவு என்று திரையில் காட்டிவிடுகிறது. அறுக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம். அங்கே வேலை பார்க்கும் இளைஞர்கள் போன வாரம் வந்து, "சார், உங்க காலத்துல எப்படிப் பாத்தீங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். எனக்கு ஐம்பத்து நான்கு வயதுதான். என்றாலும், 'உங்க காலம்' என்று ஒன்று இருந்து முடிந்துவிட்டதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

படிப்பு, பயிற்சி எல்லாம் ஒரு வரிதான். சேலத்தில் உலோகவியல் டிப்ளமா, ஓசூரில் பயிற்சியாளர், பிறகு அதே ஆய்வகத்தில் அதே நாற்காலி. ஓசூர் தொழிற்பேட்டையில் வெண்கலப் புஷ் வார்க்கும் தொழிற்சாலை எங்களுடையது. லாரிச் சக்கரத்திலும் பம்புசெட்டிலும் அச்சு சுழலும் இடத்தில் ஒரு வளையம் இருக்குமே, அது. அதற்கான மூலப்பொருள் பழைய இரும்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். உடைந்த குழாய், தேய்ந்த புஷ், விளக்கு, மணி, வால்வு, என்னவென்றே சொல்ல முடியாத பச்சைக் கட்டிகள். மூட்டையில் கையை விட்டுக் கிடைத்ததை எடுப்பேன். ஒரு பக்கத்தை பெல்ட்டில் சமமாகத் தேய்ப்பேன். இயந்திரத்தின் துளைமேல் கவிழ்த்து வைத்து மூன்று இடத்தில் மின்பொறி விடுவேன். மூன்று கருப்பு வடுக்கள் விழும், அம்மைத் தழும்பு போல. மூன்றின் சராசரி சரியாக இருந்தால் மூட்டையில் பச்சைச் சீட்டு ஒட்டுவேன்.

அந்தப் பச்சைச் சீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. சீட்டில்லாத மூட்டையை உலையில் போடக் கூடாது. சீட்டு ஒட்டிய மூட்டையை யாரும் தடுக்கக் கூடாது. தடுத்தால் ஒழுங்கு நடவடிக்கை. இனி நடந்ததெல்லாம் இந்தச் சட்டத்தால் நடந்தது.

ஆய்வக மேலாளர் ராவ் சார். பெங்களூரிலிருந்து தினமும் பேருந்தில் வருவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, ரசாயனம் வடிகட்டும் வடிதாளால் துடைப்பார். வடிதாள் கண்ணாடியைக் கீறும் என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் துடைப்பார். எதற்கும் நேரடியாகப் பதில் சொல்ல மாட்டார். "சார், நாளைக்கு லீவு வேணும்" என்றால், "நாளைக்கு எத்தனை லோடு வருது?" என்று கேட்பார். சொன்னால், "ம்ம், சரி" என்று ஜன்னலைப் பார்ப்பார். லீவு கிடைத்ததா இல்லையா என்பதை நாமே யோசித்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சில சமயம் லீவு என்று நினைத்து வீட்டில் இருப்பேன். சில சமயம் இல்லையென்று நினைத்து வந்து நிற்பேன். இரண்டுக்கும் அவர் ஒரே முகத்தோடுதான் இருப்பார்.

ஒருநாள் காலையில் வேப்பனப்பள்ளிப் பக்கத்து வியாபாரி ஒருவரின் மூட்டை வந்தது. கையை விட்டேன். நகத்தளவு வட்டமாக, மண் அப்பிய தகடுகள் சில உதிரியாக வந்தன. வாஷர் என்று நினைத்தேன். வாஷருக்கு நடுவில் ஓட்டை இருக்க வேண்டுமே என்று இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்துத் தேய்த்து, மூன்று பொறி விட்டேன். செம்பு, கணிசமாக ஈயம், கொஞ்சம் வெள்ளீயம், துத்தநாகம் இல்லவே இல்லை. எங்கள் புஷ்ஷுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற கலவை. பச்சைச் சீட்டை ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ பாதி இறங்குவதற்குள் உலைப் பக்கம் கூச்சல்.

உலையில் முனிராஜு. பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, மாமனார் வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், உலையிடம் மட்டும் மூன்றும் கலந்த வசவு. ஒப்பந்தத் தொழிலாளியாக வெகுகாலம் இருந்துவிட்டு, அந்த வருஷம்தான் நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் வரும் என்று பேச்சு இருந்தது. அவர் மனைவி அதற்காக ஒரு ஆடு நேர்ந்துவிட்டிருந்தாள். ஆட்டுக்குப் பெயரே 'பர்மனென்ட்' என்று உலைப் பக்கம் கேலி செய்வார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது முனிராஜு உலைக்குப் போக வேண்டிய வாளியைத் தரையில் கவிழ்த்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையால் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முஷ்டியளவு பச்சைக் கட்டி ஒன்று, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்தது. உலை மேடையின் கம்பிமேல் ஒரே ஒரு தகடு மட்டும் பளிச்சென்று இருந்தது. சாப்பாட்டுத் தூக்கில் இருந்த புளிக்குழம்பால் தேய்த்திருந்தார். அதன்மேல் குங்குமமும் வைத்தாயிற்று.

உற்பத்தி மேலாளர் செல்வின் நாகர்கோவில்காரர். கோபத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "எவம்ல உலைய நிறுத்துனது? உருகுன மெட்டல் சும்மா கெடக்குல்லா!"

"வேடியப்பன் சார். ரெண்டு வேடியப்பன். இன்னும் எத்தினி உள்ள இருக்குதோ. பாக்காம எப்டி சார் நெருப்புல போடறது?"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். வேட்டி போல இடுப்பில் ஏதோ கட்டிய இருவர், ஆளுக்கொரு ஈட்டி, ஆளுக்கொரு கேடயம், நடுவில் நட்டுவைத்த ஒரு கம்பு. எங்கள் மாவட்டத்தில் ஏரிக்கரைக்கு ஏரிக்கரை நடுகல் உண்டு. சண்டையில் செத்த வீரனைக் கல்லில் செதுக்கி, வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைப்பார்கள். முனிராஜுவின் வயல் ஓரத்திலேயே ஒரு வேடியப்பன் வில்லோடு நிற்கிறார். கையில் ஆயுதத்தோடு விறைத்து நிற்கும் உருவம் இந்தப் பக்கத்து ஆளுக்கு வேறு யாராக இருக்க முடியும்?

ஓரத்தில் எழுத்துகள் இருந்தன. ஃபிட்டர் ஒருவர் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டு, "எக்சர்சைஸ்னு போட்டிருக்குது. ஏதோ ஜிம்மு மெடலு சார்" என்றார். இன்னொருவர் செக்யூரிட்டி கம்பெனி பேட்ஜ் என்றார். படித்தவன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்துத் தஸ்தாவேஜு முத்திரையாக இருக்கலாம் என்று, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

முனிராஜு மூட்டை முழுவதையும் கிளறி முடிக்கும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. உலையில் உருகியிருந்த உலோகம் காற்றைக் குடித்துக் கெட்டது. வார்த்த புஷ்களில் எல்லாம் ஊசித்துளை. அந்த வார்ப்பு முழுக்கக் கழிவு. மாலைக்குள் ஒப்பந்தக்காரர் வந்து, விசாரணை முடியும்வரை முனிராஜு உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பச்சைச் சீட்டு ஒட்டிய மூட்டையைத் தடுத்தது குற்றம். நிரந்தரப் பட்டியல் போகட்டும், இருக்கிற வேலையே போகும் நிலை.

ராவ் சார் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்தக் கட்டி.

"ஏன்ரீ, இது ஏனு?" என்று, என்ன இது என்பதைக் கன்னடத்தில் கேட்டார்.

"தெரியல சார்."

"உங்க சீட்டுல வெண்கலம்னு இருக்கு."

"வெண்கலம்தான் சார்."

"அப்போ தெரியுது." கண்ணாடியைத் துடைத்தார். "தெரியுதா, தெரியலையா?"

புத்தகக் கண்காட்சியில் பழக்கமான அம்பிகா மேடத்துக்கு போன் செய்தேன். கிருஷ்ணகிரியில் கல்லூரி ஒன்றில் சரித்திரப் பேராசிரியை. மறுநாளே வந்துவிட்டார். விசாரணைக்கு வந்து கேட் அருகே நின்றிருந்த முனிராஜுவையும் ராவ் சார் உள்ளே அழைத்துக்கொண்டார். செல்வினும் வந்து உட்கார்ந்தார்.

மேடம் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "ரோமாபுரிக் காசு மாதிரி இருக்குங்க சார். வெண்கலச் சில்லறை. நடுவுல இருக்கறது கம்பு இல்ல, படைக்கொடி. ரெண்டு பக்கமும் சிப்பாய். 'குளோரியா எக்சர்சிட்டஸ்', படையோட பெருமைன்னு லத்தீன்ல சுத்தி எழுதியிருக்கும். நாலாம் நூற்றாண்டுல இதை எக்கச்சக்கமா அடிச்சிருக்காங்க. வியாபாரத்துல நம்ம பக்கமும் வந்திருக்கு."

"அப்போ ஒரிஜினல்தானே மேடம்?" என்றேன்.

"அதைச் சொல்ல முடியலையே. இங்க வந்த காசைப் பாத்து நம்ம ஆளுங்களும் அதே மாதிரி பண்ணியிருக்காங்க. இப்பக்கூட விக்கறதுக்குன்னு பழசாட்டம் பண்றவங்க உண்டு. இது தேஞ்சு கெடக்குது. கட்டியில இருக்கறதைப் பிரிச்சாத்தான் தெரியும், பிரிச்சா உடையும். மறுபக்கம் ராஜா தலை இருக்கும், அதைப் பாத்தா ஓரளவு சொல்லலாம். தலை நல்லாத் தெரியறது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

ஆய்வகத்தில் சோதித்த மாதிரிகளை ஒரு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. விதியை மீறாதவன் என்பதால் டப்பாவைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் கண்ணாடி போல மின்னியது. நடுவில் மூன்று கருப்பு வடு. ஓரத்தில் காதின் நிழல் மட்டும் மிச்சம்.

மேடம் அதையே பார்த்தார். "எலி கடிச்சிருக்குதுங்களா?"

"இல்லைங்க, நான்தான்."

"நல்லாத் தெரிஞ்சதாப் பாத்து எடுத்தீங்களோ?"

"மாதிரி நல்லதா இருக்கணும்னு விதி மேடம்."

செம்பும் ஈயமும் இவ்வளவு என்று நான் எடுத்த எண்களாவது உதவுமா என்று கேட்டேன். அந்தக் காலத்துச் சில்லறைக்கும் அது பொருந்தும், போன வருஷம் உடைந்த பம்புக்கும் பொருந்தும் என்றார். எங்கே கிடைத்தது என்று தெரிந்தால் நல்லது என்றார். வியாபாரிக்கு போன் போட்டோம். அவர் மூன்று மாநிலத்திலும் பழைய சாமான் வாங்குகிறவர். "ஆந்திராவா, கர்நாடகாவா, நம்ம பக்கமா, யாருக்கு ஞாபகம் இருக்குது? எல்லாம் ஒரே மூட்டைதான்" என்று வைத்துவிட்டார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற முனிராஜு மெதுவாகக் கேட்டார். "மேடம், ரோமாபுரி சிப்பாயின்னா சாமி ஆகக் கூடாதுங்களா? வேடியப்பனும் சண்டைக்காரருதானே?"

"வேடியப்பன் சண்டையில செத்ததால சாமிப்பா. இவங்க சும்மா காவலுக்கு நிக்கறாங்க. சம்பளத்துக்கு."

"நாங்களும் சம்பளத்துக்குத்தான் மேடம் நிக்கறோம்."

மேடம் பூதக்கண்ணாடியை உறையில் போட்டார். செல்வின்கூடச் சிரித்தார். உடனே, சிரித்ததற்காகக் கோபப்பட்டுக்கொண்டு, "சாமியோ சிப்பாயோ, என் வார்ப்புக்கு எவன் பதில் சொல்லுவான்? பச்சைச் சீட்டு இருந்துச்சா இல்லையா?" என்றார்.

ராவ் சார் கண்ணாடியைக் கழற்றினார். "முனிராஜு, நீ பாத்தது நம்ம மூலப்பொருள் பட்டியல்ல உண்டா?"

"வேடியப்பன் எப்டி சார் பட்டியல்ல இருப்பாரு?"

"பட்டியல்ல இல்லாதது வேற்றுப் பொருள். வேற்றுப் பொருள் கண்டா யார் வேணும்னாலும் உலைய நிறுத்தலாம். சட்டம் இருக்கு. 'வேற்றுப் பொருள் பார்த்தேன், நிறுத்தினேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடு. ஆயித்து."

எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. இத்தனை வருஷத்தில் ராவ் சார் வாயிலிருந்து முதன்முதலாக நேரான ஒரு வழி வந்திருக்கிறது. பேனாவை நானே நீட்டினேன்.

முனிராஜு வாங்கவில்லை. "வேத்துப் பொருளா? எங்க ஊரு சாமிய நான் வேத்துப் பொருளுன்னு எழுதித் தரதா? அது ஆவாது சார்."

"இது உங்க ஊர்ச் சாமியே இல்லப்பா" என்றேன். "மேடம் இப்பத்தானே சொன்னாங்க!"

"மேடம் தெரியலைன்னுதானே சொன்னாங்க, கெமிஸ்ட் சார். தெரியாதத எப்டி எழுதறது? நீங்க தெரியாமலே வெண்கலம்னு எழுதிட்டீங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்லீங்க. வேலை போனாலும் போவுது."

பட்டியலில் வரப்போகிற பெயர், வீட்டில் கட்டிக்கிடக்கும் ஆடு எல்லாம் அவர் முகத்தில் தெரிந்தன.

ராவ் சார் வடிதாளை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மூட்டையில மாதிரி எப்படி எடுக்கணும்னு விதி?"

"மேல, நடு, அடி, மூணு எடத்துலயும் எடுக்கணும் சார்."

"ம்ம்." ஜன்னலைப் பார்த்தார்.

நான் மேலே மட்டும்தான் கையை விட்டிருந்தேன். எல்லா மூட்டையிலும் அப்படித்தான். அது அவருக்கும் தெரியும். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. நான் ஒட்டிய சீட்டே செல்லாது என்றால், முனிராஜு தடுத்தது சீட்டில்லாத மூட்டை. சீட்டில்லாததை உலையில் போடாமல் இருந்தது குற்றமே இல்லை. குற்றம் சீட்டு ஒட்டியவனுடையது. ஆய்வகப் பொறுப்பாளர் பதவிக்கு என் பெயர் போயிருந்த சமயம் அது.

அவர் எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரிடம் லீவு கேட்டால் என்ன செய்வேனோ அதையேதான் செய்தேன். நானாக முடிவுசெய்துகொண்டு, முனிராஜுவுக்கு நீட்டிய பேனாவைத் திருப்பிப் பிடித்து எழுதினேன். மாதிரி எடுத்ததில் விதிமுறை பின்பற்றப்படவில்லை, ஆகவே என் ஒப்புதல் செல்லாது என்று. எழுதும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். படித்த புத்தகங்களில் இப்படிப்பட்ட கட்டங்கள் நிறைய வரும். பின்னணியில் யாராவது விம்முவார்கள். இங்கே அம்பிகா மேடம், "தாலுகா ஆபீஸுக்குச் சொல்லிட்டீங்களா சார்? பொதையலா இருந்தா சொல்லியாகணும்" என்று ராவ் சாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சொன்னோம். வருவாய்த் துறையிலிருந்து ஒருவர் வந்தார். முதல் கேள்வி, "எந்த ஊர்ல கெடச்சது?" என்றார். பதில் இல்லை. இரண்டாவது, "இது இந்த மாநிலந்தானா?" என்றார். அதற்கும் இல்லை. கட்டியையும் உதிரிகளையும், நான் தேய்த்ததையும் சேர்த்தே, ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போனார். அம்பிகா மேடம் இன்றைக்கும் அவ்வப்போது விசாரிக்கிறார். இன்னும் சுத்தம் செய்யவில்லை, செய்த பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார்களாம். அது ரோமாபுரியிலிருந்து வந்ததா, அதைப் பார்த்து இங்கே யாரோ செய்ததா, போன தலைமுறையில் எவனோ ஏமாற்றச் செய்ததா, தெரியாது. நான் தேய்த்தது பேரரசரைத்தானா என்பதும், சரியாகச் சொன்னால், தெரியாது. அந்தப் பெருமையைக்கூட முழுதாகக் கொண்டாட முடியாமல் இருக்கிறேன்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. ஆய்வகப் பொறுப்பு சென்னையிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. முனிராஜு அடுத்த வாரமே வேலைக்கு வந்தார். பட்டியலில் பெயரும் வந்தது. ஆட்டுக் கறி ஆய்வகத்துக்கும் ஒரு தூக்கு வந்தது. ராவ் சார் சைவம். என் பங்கையும் செல்வின் சாப்பிட்டார். அதன்பிறகு எத்தனையோ வருஷம் முனிராஜுவைத் தினமும் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சை நானாக எடுத்ததில்லை. நல்ல காரியம் செய்தவன் அதைச் சொல்லிக்காட்டக் கூடாதல்லவா? அவராக ஒருநாள் சொல்லுவார் என்று மட்டும் காத்திருந்தேன். காத்திருப்பது சொல்லிக்காட்டுவது ஆகாது.

விருப்ப ஓய்வில் நான் கிளம்பிய அன்று ஆய்வகத்தில் சமோசா, டீ. ராவ் சார் ஓய்வு பெற்று எப்போதோ போய்விட்டார். உலைப் பொறுப்பாளர் முனிராஜு சால்வை போர்த்தினார். இனிப் பொறுக்க முடியாது என்று நானே ஆரம்பித்தேன்.

"முனிராஜு, அன்னைக்கு மட்டும் நான் அந்த மாதிரி எழுதிக் குடுக்கலேன்னா..."

"எது சார்? ஓ, அந்த வேடியப்பன் விஷயமா?" சமோசாவைக் கீழே வைத்தார். "நீங்க எழுதறதுக்கு முந்தின நாளே ராவ் சாரு எங்க காண்ட்ராக்டருக்கு போன் பண்ணி, இவன வேலைய விட்டு அனுப்பாதேன்னு சொல்லிட்டாராமே. உலை முன்னாடி அந்தச் சூட்டுல நிக்க வேற ஆளு எங்க கெடைக்கிறான்? பாகலூரு முழுக்கத் தேடியும் ஒருத்தன் வரல. அதான் என்ன வெச்சுக்கிட்டாங்க." கொஞ்சம் யோசித்தார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியபடி என் முகத்தைப் பார்த்தார். "எங்களுக்கெல்லாம் இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுதான் சார் புரியல. நீங்க எதுக்கு சார் அப்டி எழுதிக் குடுத்தீங்க?"